முட்டையா, டைனோசரா: பால்வாடிக் கதைநேரத்தை எதிலிருந்து தொடங்குவது?

சின்னப் பிள்ளைகளுக்கு டைனோசர் கதை சொல்லப் போகிறேன் என்றால் எல்லாரும் ஒரே யோசனைதான் சொல்வார்கள். பெரிய பல்லோடு ஒரு படத்தைக் காட்டு, உறுமிக் காட்டு, பிள்ளைகள் குஷியாகிவிடும். பல்லடம் பக்கம் ஒரு பால்வாடியில் முதல் தடவை நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெரும்பாலான பிள்ளைகள் குதித்தார்கள். ஒரு பெண்குழந்தை மட்டும் மெல்ல நகர்ந்து கதவோரம் போய் நின்றுகொண்டது. மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மிச்சி, "ராத்திரி பூரா தூங்கலைங்க டீச்சர். கட்டலுக்கு அடியில என்னமோ இருக்குதுன்னு ஒரே அழுகைங்க" என்றார். அதன் பிறகு இந்தக் கதையைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இந்த வயதுக்கு முட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

காரணம் எளிது. டைனோசரை எந்தப் பிள்ளையும் தொட்டதில்லை. முட்டை அப்படியல்ல. நாமக்கல் பண்ணை முட்டை அட்டை அட்டையாக வண்டியில் போவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் இவர்கள். வாரத்தில் மூன்று நாள் பால்வாடித் தட்டிலேயே முட்டை விழுகிறது. வீட்டுத் திண்ணையில் பஞ்சாரம் கவிழ்ந்திருக்கும். அடைக்கோழி கிட்டே போனால் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும் என்பது மூன்று வயதிலேயே தெரியும். கையில் இருக்கும் முட்டையைக் காட்டி "இதுக்குள்ளார யாரு கண்ணு?" என்று கேட்டால் "கோழிக்குஞ்சுங்!" என்று கூரை அதிரும். வாத்து, பல்லி, ஆமை, முதலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் டைனோசருக்கு வந்தால் அது பூச்சாண்டியாக வருவதில்லை. முட்டையிலிருந்து வந்த இன்னொரு குஞ்சாகத்தான் வருகிறது.

அடுத்த கேள்வி, எந்த டைனோசர்? போட்டியில் மூன்று இருக்கின்றன.

டி-ரெக்ஸ் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கம். பனியனிலும் பென்சில் டப்பாவிலும் இருக்கிறது. ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், நம் டவுன் பஸ் அளவு. ஆனால் முட்டைக் கதைக்கு அது உதவாது. டி-ரெக்ஸின் முட்டை என்று உறுதியாகச் சொல்லும்படி இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முட்டையே இல்லாத ஒன்றை முட்டைக் கதைக்கு நாயகனாக வைப்பானேன்?

இரண்டாவது டைட்டனோசர். நீளக் கழுத்து, இலை தழை தின்னும் சாது. இது நம் நாட்டு டைனோசர் என்பது பெரிய பலம். மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டறியப்பட்டதாக 2023-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. முட்டைகள் 15 முதல் 17 சென்டிமீட்டர் குறுக்களவு, உருண்டை. அங்கே பாட்லியா கிராமத்தில் இந்தக் கல் உருண்டைகளை, பயிரையும் மாட்டையும் காக்கும் சாமியாகக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். தோட்டத்து மூலையில் கன்னிமார் கல்லைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. "சாமிக்கல்லுதான் முட்டைங்களா?" என்று கண்ணை விரித்துக் கேட்பார்கள்.

டைட்டனோசருக்கு ஒரு குறை உண்டு. கூடுகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், பெரிய விலங்கு அங்கே தங்கிக் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருக்க இடமில்லை. முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கும் என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை இதைத் தாங்கிக்கொள்ளும். மூன்று வயதுப் பிள்ளை, அதுவும் காலையில் அம்மா பனியன் கம்பெனிக்குப் போனதும் அரைமணி நேரம் அழுதுவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை, "அப்புறம் அவங்கம்மா வரலைங்களா?" என்று கேட்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கும்.

அதனால் சின்னதுகளுக்கு என் தேர்வு மூன்றாவது, ஓவிராப்டர். 1923-ல் மங்கோலியப் பாலைவனத்தில் ஒரு முட்டைக்கூட்டின் மேல் இதன் எலும்பு கிடைத்தது. வேறொரு டைனோசரின் முட்டையைத் திருட வந்து செத்திருக்கும் என்று நினைத்து, 1924-ல் 'முட்டைத் திருடன்' என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டார்கள். எழுபது வருடம் கழித்து அதே வகை முட்டை ஒன்றுக்குள் பொரியாத குஞ்சின் எலும்பு கிடைத்தது. பார்த்தால், அது ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சு! திருட வரவில்லை, தன் இனத்து முட்டையோடுதான் இருந்திருக்கிறது. அதன் நெருங்கிய சொந்தம் ஒன்று, வட்டமாக அடுக்கிய முட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அவற்றின் மேல் விரித்தபடியே கல்லாகிக் கிடந்ததையும் கண்டுபிடித்தார்கள்.

இதைச் சொல்ல உறுமலே தேவையில்லை. இரண்டு கையையும் விரித்துத் தரையில் உட்கார்ந்தால் போதும். "திருடன் திருடன்னு எல்லாரும் திட்டுனாங்க. அது என்ன பண்ணிட்டிருந்துச்சு?" என்று கேட்டால், பிள்ளைகள் எல்லாம் கை விரித்து உட்கார்ந்து, "அடை காத்துச்சுங்!" என்கிறார்கள். அடை காத்தது அப்பாவாக இருக்கலாம் என்று 2008-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதையும் சொல்லுங்கள், பையன்களும் உடனே முட்டையின் மேல் உட்காருவார்கள்.

கையில் கொடுக்க எந்த முட்டை? பிளாஸ்டிக் முட்டை உடையாது, ஆனால் உள்ளே வைக்கும் குட்டி பொம்மை நேராக வாய்க்குப் போகிறது. மூன்று வயதுக்கு அது வேண்டாம். பிளாஸ்டர் முட்டை செய்து சுத்தியலால் உடைக்க வைப்பது பெரிய பள்ளிகளில் நடக்கிறது. இந்தக் கைகளுக்கு அது முடியாத வேலை. டைட்டனோசர் முட்டைக்கு நான் கண்ட நல்ல மாற்று பனங்காய். அளவு கிட்டத்தட்ட அதேதான், கனமும் இருக்கிறது. மணல் குவியலில் ஐந்தாறு பனங்காயைப் புதைத்துவிட்டுத் தோண்டச் சொன்னால் அரைமணி நேரம் சத்தமே வராது. பனங்காய் கிடைக்காத மாதத்தில் உரித்த தேங்காய் போதும். கொஞ்சம் சிறிது, அவ்வளவுதான்.

ஆனால் நிஜ முட்டைக்கு ஈடு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் நாட்டுக்கோழியை அடை வைக்கும் நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏழாம் நாள் ஒரு முட்டையை வாங்கி, சன்னலைச் சாத்திவிட்டு, அடியில் டார்ச் வைத்துக் காட்டினேன். முட்டை முழுக்கச் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. நடுவில் ஒரு கரும்புள்ளி. அதிலிருந்து சிலந்திக் கால் போல சிவப்பு நரம்புகள். புள்ளி லேசாக அசைந்தது. அசைந்ததைப் பார்த்த பையன் பேசவே இல்லை. பக்கத்தில் இருந்தவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். 21-ஆம் நாள் பொரிந்த குஞ்சின் அலகு நுனியில் வெள்ளையாக ஒரு முள் இருக்கும்; ஓட்டை உள்ளிருந்து உடைக்க அதுதான் ஆயுதம், சில நாளில் உதிர்ந்துவிடும். அதைக் காட்டிக்கொண்டே, பறவைகள் எல்லாம் டைனோசர் வம்சம் என்று சொல்லலாம். எல்லா முட்டையும் பொரிந்துவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், இரண்டொன்று கூமுட்டை ஆகும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தே தீர வேண்டும்.

செல்போன் வீடியோவா, வாய்க்கதையா என்றால் வாய்க்கதைதான். வீடியோ ஓடினால் பிள்ளைகள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

பெற்றோர் சிலர், 'டைனோசர் முட்டை நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்குதுங்க' என்று பெரம்பலூர் குன்னம் படத்தை அனுப்புவார்கள். 2020-ல் பரவியது அது. அவை முட்டையல்ல, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரைச் சுற்றி உருண்ட படிவுகள் என்று நிலவியலாளர்கள் விளக்கிவிட்டார்கள். கதைக்கு அதை எடுக்காதீர்கள்.

கடைசியாக, எந்த நாள்? தட்டில் முட்டை வரும் நாளில் சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்று ஒருமுறை அப்படி வைத்தேன். மதியம் நான்கு பிள்ளைகள் முட்டையைத் தொடவில்லை. "உள்ளார குஞ்சு தூங்குதுங் டீச்சர்." சத்துக்காகக் கொடுக்கும் முட்டை தட்டிலேயே கிடந்தது எனக்கு மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. இப்போது முட்டை இல்லாத நாளில்தான் கதை. முடிக்கும்போது, பண்ணையில் சேவல் கிடையாது, அதனால் சாப்பாட்டு முட்டைக்குள் குஞ்சு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த முட்டை நாளில் பிள்ளைகளே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறார்கள்: "இதுல சேவல் இல்லடா, தின்னு."