விண்டோஸ் 11-க்கு மாறியபின் தேடலில் கோப்புகள் குறைகின்றனவா? இண்டெக்ஸைச் சரிசெய்வதா, எவ்ரிதிங்கை நாடுவதா?

மொரீஷியஸில், ரோஸ் ஹில் பக்கம் இருக்கும் எங்கள் சிறிய தமிழ்ச் சங்கத்தின் ஆவணங்கள் அனைத்தும் ஒரே மேசைக்கணினியில் இருக்கின்றன. கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் பிரெஞ்சிலும், அரசுக்கு எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்திலும், அழைப்பிதழ்களும் பூசை நிரல்களும் தமிழிலுமாக, ஏறத்தாழ இருபது ஆண்டுக் காகிதம் டி டிரைவில் உறங்குகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், கடை ஒன்றில் கொடுத்து விண்டோஸ் 11 ஏற்றிக்கொண்டோம். தைப்பூசக் காவடிக்கு மூன்று வாரம் இருக்கையில், பழைய அழைப்பிதழ் ஒன்றைத் தேடிய எங்கள் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ‘காவடி’ என்று அடித்தால் ஒன்பது கோப்புகள்தாம் வருகின்றன என்றும், முன்பெல்லாம் திரை நிறைய வரும் என்றும் சொல்லிவிட்டு, “எல்லாம் அழிஞ்சு போச்சா அண்ணே?” என்று கேட்டார்.

எதுவும் அழியவில்லை. டி டிரைவைத் திறந்து கோப்புறை கோப்புறையாகப் பார்த்தபோது அனைத்தும் இருந்த இடத்திலேயே இருந்தன. கோப்பு இருப்பது வேறு, தேடல் அதை அறிந்திருப்பது வேறு என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் தணிந்துவிடும். கையால் தேடியும் கிடைக்காத கோப்புகள் இருந்தால், சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறை இருக்கிறதா என்று உடனே பாருங்கள்; பழைய அமைப்பின் எச்சம் அதில்தான் வைக்கப்படுகிறது, வழக்கமாகப் பத்து நாளில் அது தானே நீக்கப்பட்டுவிடும்.

இந்நிலையில் நம் முன் உள்ள வழிகள் மூன்று: விண்டோஸின் சொந்தத் தேடலைச் சரிசெய்வது, எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருளை நிறுவுவது, இண்டெக்ஸ் (முன்கூட்டியே கட்டி வைக்கும் சொல்லடைவு) ஏதுமின்றிக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் ஏஜென்ட் ரேன்சாக் போன்ற கருவியைப் பயன்படுத்துவது. எது வேகமானது என்று ஒப்பிடுவதைவிட, நாம் தேடுவது கோப்பின் பெயரையா, கோப்புக்குள் இருக்கும் சொல்லையா என்று கேட்டுக்கொள்வதே முறை என்பது என் கருத்து. இந்தக் கேள்வியைக் கேட்காமல் கருவியை மாற்றுவோர், குறைந்த முடிவுகளுக்குப் பதில் வேறுவிதமாகக் குறைந்த முடிவுகளைப் பெறுகிறார்கள்.

விண்டோஸின் தேடல், புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவைப் போன்றது. தேடும் நேரத்தில் அது டிஸ்கைப் புரட்டுவதில்லை. முன்பே கட்டி வைத்த இண்டெக்ஸைத்தான் பார்க்கிறது. விண்டோஸ் 10 இந்த இண்டெக்ஸை ‘விண்டோஸ்.ஈடிபி’ என்ற கோப்பில் வைத்திருந்தது. விண்டோஸ் 11 எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவிலான ‘விண்டோஸ்.டிபி’ கோப்புக்கு மாறிவிட்டது. ஆகவே இப்பதிப்பு மாற்றத்தில் சொல்லடைவு புதிதாக எழுதப்பட வேண்டியிருக்கிறது, அந்த வேலையும் நாம் கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது வேகம் குறைந்துவிடும். மேம்படுத்திய முதல் நாளிலேயே தேடிப் பார்த்துவிட்டுக் குறை சொல்வது, அரிசி களைந்து வைத்தவுடன் சோறு எங்கே என்று கேட்பதற்கு ஒப்பாகும். கணினியை மின் இணைப்பிலேயே வைத்து ஓரிரவு விட்டுவிடுங்கள். மடிக்கணினியானால், மின்கலத்தில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இந்த வேலை நிறுத்திவைக்கப்படலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சூறாவளிக் காலத்தில் மின்வெட்டுக்கு நடுவே வேலை செய்யும் நம் ஊரில் இது அற்பமான குறிப்பன்று.

எங்கள் கணினி நான்கு நாளாக ஓடியும் ஒன்பது முடிவுகளிலேயே நின்றது. காரணம் எளிது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியின் தேடல் பக்கத்தில் ‘கிளாசிக்’, ‘என்ஹான்ஸ்டு’ என்று இரு முறைகள் உள்ளன. கிளாசிக்கில் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக் ஆகிய கோப்புறைகளும் மட்டுமே இண்டெக்ஸில் சேரும். டி டிரைவை யாரோ எப்போதோ கையால் சேர்த்து வைத்திருந்தார்கள்; புதிய அமைப்பில் அந்தச் சேர்க்கை இல்லை. அந்த ஒன்பது கோப்புகளும் செயலாளர் தம் டெஸ்க்டாப்பில் நகலெடுத்துப் போட்டிருந்தவை.

இதற்கு எல்லாரும் முதலில் சொல்லும் மருந்து, இண்டெக்ஸை அழித்து மறுபடி கட்டும் ‘ரீபில்டு’ பொத்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. எல்லை தவறாக இருக்கும் இண்டெக்ஸை எத்தனை முறை மறுபடி கட்டினாலும் அதே தவறான எல்லைக்குள்தான் கட்டப்படும், இடையில் இருந்த முடிவுகளும் சில மணி நேரம் போய்விடும். எல்லையைச் சரிபார்த்து, டிரைவின் பிராப்பர்ட்டீஸில் உள்ளடக்கத்தை இண்டெக்ஸ் செய்ய அனுமதிக்கும் கட்டம் குறியிடப்பட்டிருக்கிறதா என்றும், விலக்கப்பட்ட கோப்புறைகளின் பட்டியலில் நம்முடையது தவறி விழுந்திருக்கிறதா என்றும் பார்த்த பின்னரே, கடைசியாக ரீபில்டுக்குப் போகலாம்.

என்ஹான்ஸ்டு முறை கணினி முழுவதையும் சேர்த்துக்கொள்ளும் என்பதால் கவர்ச்சியானதுதான். ஆனால் நான்கு லட்சம் உருப்படிகளைத் தாண்டினால் தேடலின் செயல்வேகம் பாதிக்கப்படத் தொடங்கும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. சுமார் பத்து லட்சம் அதன் உச்சம். நிழற்படங்களும் பழைய காப்புப் பிரதிகளும் குவிந்து கிடக்கும் கணினியில் அந்த எண்ணிக்கை தொலைவில் இல்லை. ஆதலால் கிளாசிக்கிலேயே இருந்துகொண்டு, தேவையான இரண்டு மூன்று கோப்புறைகளை மட்டும் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் வழியாகச் சேர்ப்பதையே நான் தேர்ந்தெடுத்தேன். ஒன்டிரைவ் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இணையத்தில் மட்டும் இருந்து, கணினிக்குள் இறங்காத கோப்புகளைப் பெயரால் தேடலாமே தவிர, உள்ளிருக்கும் சொல்லால் தேட முடியாது.

எவ்ரிதிங்கின் வழி முற்றிலும் வேறு. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவிலுள்ள டிஸ்க் ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள கோப்புகளின் தலைமைப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. எவ்ரிதிங் அதையே நேராக வாசித்துவிடுகிறது. புதிதாக நிறுவிய விண்டோஸின் சுமார் 1,20,000 கோப்புகளுக்கு ஒரு நொடியும், பத்து லட்சம் கோப்புகளுக்கு ஒரு நிமிடமும் ஆகும் என்பது அதன் தயாரிப்பாளர் தரும் கணக்கு. கிளாசிக், என்ஹான்ஸ்டு என்ற எல்லைப் பிரச்சினையே இதற்கு இல்லை. சங்கக் கணினியில் இதை ஓட்டி ‘காவடி’ என்று அடித்து முடிப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது. பெயரில் ‘காவடி’ உள்ள நாற்பத்து மூன்று கோப்புகள். கோப்பு அழிந்துவிட்டதோ என்று பதறும் ஒருவருக்குக் காட்ட இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. அதற்காகவே இதை முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன்.

ஆனால் இதன் குறைகளைப் பலர் சொல்வதில்லை. வழக்கமான பயன்பாட்டில் இது பெயரை மட்டுமே அறியும். ‘அறிக்கை3’ என்று பெயரிட்ட கோப்புக்குள் காவடியைப் பற்றி இருபது பக்கம் இருந்தாலும் அதற்குத் தெரியாது. உள்ளடக்கத்தைத் தேடும் கட்டளை உண்டு, எனினும் அது கோப்புகளை அப்போதே திறந்து படிப்பதால் மிக மெதுவானது. எக்ஸ்ஃபேட் வடிவிலுள்ள யுஎஸ்பி குச்சிகளில் தலைமைப் பதிவேட்டு வசதி இல்லை என்பதால், அவற்றைக் கோப்புறையாகத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது, பலர் பயன்படுத்தும் கணினியில் இதைப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் சர்வீஸாக நிறுவிவிட்டால், ஒருவருடைய கோப்புப் பெயர்கள் அனைத்தும் மற்றவர் கண்ணில் படும். நன்கொடையாளர் பெயரைத் தாங்கிய கடிதங்கள் இருக்கும் இடத்தில் இது சிறு விஷயம் அன்று.

ஏஜென்ட் ரேன்சாக் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அது இண்டெக்ஸை நம்பாமல் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்ப்பதால், எது உண்மையில் இருக்கிறது என்பதற்கு அதன் சொல்லே தீர்ப்பு; அதற்கு விலையாகக் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை தேடுவோருக்கு அது போதும். கட்டளைச் சாளரத்தில் கோப்புக்குள் சொல்லைத் தேடும் ‘ஃபைண்ட்ஸ்டர்’ போதுமே என்று இளைஞர் ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னார். வேர்டின் டாக்ஸ் கோப்பு என்பது உள்ளே சுருக்கப்பட்ட ஜிப் பொட்டலம் என்பதால், அந்தக் கட்டளைக்கு அதனுள் இருக்கும் ஒரு சொல்லும் தெரியாது.

தமிழிலும் பிரெஞ்சிலும் தேடுவோருக்கு மட்டுமே உரிய சில சிக்கல்கள் இருக்கின்றன. பதிப்பு மாற்றத்தின் மீது அநியாயமாகப் பழி விழுவது இங்கேதான். பிரெஞ்சுப் பெயர்களில் வரும் ஒலிக்குறிகளை விண்டோஸ் தனி எழுத்தாகக் கருத வேண்டுமா என்று இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸின் மேம்பட்ட பகுதியில் ஒரு கட்டம் உண்டு. அது குறியிடப்பட்டிருந்தால், ரசீதைக் குறிக்கும் ‘ரெசு’ என்ற சொல்லை, சி எழுத்தின் கீழ் வரும் வால்குறியான செடில்லா இல்லாமல் அடிப்பவருக்குப் பாதி ரசீதுகள் வாரா.

தமிழில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. புள்ளி என்பது கணினிக்குத் தனிக் குறியீடு. ‘கோயில்’ என்பதன் கடைசிக் குறியீடு புள்ளி. ‘கோயிலுக்கு’ என்பதில் அதே இடத்தில் உகரக் குறி நிற்கிறது. ஆகவே குறியீட்டை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு ‘கோயிலுக்கு’ என்ற சொல்லுக்குள் ‘கோயில்’ இல்லை. புள்ளியை விட்டுக் ‘கோயில’ என்று அடித்தால் இரண்டும் வரும். ‘சங்கம்’ என்று தேடினால் ‘சங்கத்தின்’ வராது. ‘சங்க’ என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். எந்தக் கருவியில் தேடினாலும் இப்பழக்கத்தால் இழப்பு ஏதுமில்லை. ஓகாரம் ஏறிய எழுத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டும் கணினிக்குள் வெவ்வேறு குறியீடுகள்.

இப்போது எங்கள் கணினியில் உள்ள ஏற்பாடு இது: டி டிரைவின் மூன்று கோப்புறைகள் விண்டோஸ் இண்டெக்ஸில் சேர்க்கப்பட்டுள்ளன, அன்றாடத் தேடலுக்கு, குறிப்பாக உள்ளடக்கத் தேடலுக்கு, அதுவே போதுமானது. எவ்ரிதிங்கை சர்வீஸாக நிறுவாமல், திறக்கும்போதெல்லாம் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும்படி வைத்திருக்கிறோம். அந்தக் கடவுச்சொல் பொருளாளரிடமும் என்னிடமும் மட்டும் உள்ளது. ஏஜென்ட் ரேன்சாக்கை நீக்கிவிட்டேன்.

செயலாளர் தேடிய அழைப்பிதழ் மட்டும் இரண்டிலும் வரவில்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய வேர்டு கோப்பு. பெயரோ வெறும் ‘ஃபைனல்2’. பாமினியில் ‘காவடி’ என்பது திரைக்குத்தான் தமிழ், கணினிக்கு அது எஃப், எச், டி, பி (fhtb) என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். அந்த நான்கையும் விண்டோஸ் தேடலில் அடித்தபோது அழைப்பிதழ் முதல் வரியிலேயே வந்து நின்றது.