கே-1 விசாவா, சிஆர்-1 விசாவா: அமெரிக்காவில் உள்ள துணையுடன் சேர்வதற்கான வழிகள்

அமெரிக்காவில் இருக்கும் துணையுடன் சேர்ந்து வாழ எந்த விசா வழியைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எது சீக்கிரம் கிடைக்கும் என்பதைத்தான். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி, அங்கே இருப்பவரின் சட்ட நிலை என்ன என்பது. அவர் குடியுரிமை உள்ளவரா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா, ஹெச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரா என்பதைப் பொறுத்தே கதவுகள் திறக்கின்றன. நிச்சயதார்த்த விசா எனப்படும் கே-1, குடியுரிமை உள்ளவரின் வருங்காலத் துணைக்கு மட்டுமே உரியது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் அதற்கு மனுச் செய்யவே முடியாது. உண்மையில் தேர்வு என்ற ஒன்று இருப்பது குடியுரிமை உள்ளவரின் துணைக்குத்தான் என்பதால், இந்த அலசலின் பெரும்பகுதி அவர்களைப் பற்றியது.

கே-1 வழியில், திருமணத்திற்கு முன்பே அமெரிக்கத் துணை ஐ-129எஃப் மனுவைக் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்-இல் தாக்கல் செய்கிறார். மனு ஏற்கப்பட்ட பிறகு வெளிநாட்டில் இருப்பவர் தூதரக நேர்காணலுக்குச் சென்று விசா பெற்று, அமெரிக்கா வந்து, 90 நாட்களுக்குள் மனுச் செய்தவரையே மணந்துகொண்டு, அதன்பின் ஐ-485 விண்ணப்பத்தின் மூலம் கிரீன் கார்டு கேட்கிறார். மணமான துணைக்குரிய குடியேற்ற விசாவான சிஆர்-1 வழியில் திருமணம் முதலில் நடக்கிறது. அடுத்து துணைக்காக அமெரிக்காவில் இருப்பவர் தாக்கல் செய்யும் ஐ-130 மனு, அது ஏற்கப்பட்டதும் தேசிய விசா மையத்தில் கட்டணமும் ஆவணங்களும், பிறகு தூதரக நேர்காணல். இந்த விசாவுடன் வருபவர், விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி அனுமதித்த கணத்திலிருந்தே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் நுழைந்தால் அவருக்குக் கிடைப்பது இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைக்குட்பட்ட கிரீன் கார்டு. இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தால் விசா ஐஆர்-1 ஆகி, பத்தாண்டுக் கார்டு கிடைக்கும். விசா கைக்கு வரும்போது இரண்டாம் ஆண்டு நிறைவுக்குச் சில வாரங்களே பாக்கி என்றால், விசாவின் செல்லுபடிக் காலம் இடம் கொடுக்கும் பட்சத்தில் அந்த நாள் கடந்த பிறகு பயணம் செய்வது நல்லது. நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவின் செலவும் அலைச்சலும் அதனால் முழுவதுமாக மிச்சமாகின்றன.

எங்கே காத்திருப்பது?

கே-1 விரைவானது என்ற பெயர் நெடுங்காலமாக இருக்கிறது. அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு: தேசிய விசா மையத்தில் ஆவணங்களைத் திரட்டும் கட்டம் இதில் இல்லை, திருமணம் முடியும்வரை மனுவை நிறுத்திவைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு, இருவரும் ஒரே வீட்டில் சேரும் நாளை மட்டுமே முடிவுப் புள்ளியாக எடுத்துக்கொள்கிறது. வேலை செய்யவும், நாட்டைவிட்டு வெளியே சென்று திரும்பவும் முடிகிற நாளை முடிவுப் புள்ளியாக எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

கே-1 விசாவில் வந்தவர் திருமணம் செய்து, ஐ-485 விண்ணப்பத்துடன் வேலை அனுமதிக்கான ஐ-765-ஐயும் தாக்கல் செய்து, அந்த அனுமதி அட்டை கைக்கு வரும்வரை சம்பளத்திற்கு வேலை செய்ய முடியாது. கே-1 நிலையைக் கொண்டே தனியாக வேலை அனுமதி கேட்கச் சட்டத்தில் இடமுண்டு; ஆனால் அது நுழைந்த நாளிலிருந்து 90 நாட்களுடன் முடிந்துவிடுவதால், நடைமுறையில் எவருக்கும் பயன்படுவதில்லை. பயணத்தின் கதை இன்னும் கடினமானது. ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் என்ற முன் அனுமதியைப் பெறாமல் நாட்டைவிட்டு வெளியேறினால், விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கருதப்படும். கே-1 விசா ஒரு முறை நுழைவதற்கு மட்டுமே என்பதால், அதைக் கொண்டு மீண்டும் உள்ளே வரவும் இயலாது. பெற்றோருக்கு உடல்நலம் சரியில்லை என்ற செய்தி வரும்போது போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கும் நிலை இந்த வழியில்தான் வருகிறது. சிஆர்-1 விசாவில் வந்தவருக்கோ வந்த மறுநாளே வேலைக்குச் செல்லத் தடையில்லை. கார்டு அஞ்சலில் வந்து சேரும் முன்பே, கடவுச்சீட்டில் முத்திரையிடப்பட்ட விசா ஓராண்டுக்குக் கிரீன் கார்டுக்குச் சமமான சான்றாகச் செல்லும்.

ஆகவே இரண்டு வழிகளிலும் காத்திருப்பு உண்டு. ஒன்றில் இருவரும் பிரிந்திருந்து, வெளிநாட்டில் இருப்பவர் தம் வேலையையும் வருமானத்தையும் விடாமல் காத்திருக்கிறார். மற்றதில் இருவரும் சேர்ந்திருந்து, வந்தவர் வருமானமின்றியும் வெளியேற முடியாமலும் காத்திருக்கிறார். என் கணிப்பில், தம் தொழிலில் நிலைபெற்ற ஒருவருக்கு இரண்டாவது காத்திருப்பின் சுமை முதலாவதைவிட அதிகம். ஒரே வருமானத்தில் சில மாதங்களை ஓட்டத் தயங்காத, பிரிவையே தாங்க முடியாத இணையருக்கு என் கணிப்பு பொருந்தாமல் போகலாம். அவரவர் தங்களுக்குள் பேச வேண்டிய பொருள், எந்த வரிசை எத்தனை மாதம் என்பதைவிட இதுதான். மாதக் கணக்கோ யுஎஸ்சிஐஎஸ் இணையதளத்தில் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். கூடுதல் கட்டணம் கட்டி விரைவுபடுத்தும் வசதி இந்த இரண்டு மனுக்களுக்குமே இல்லை.

குடியுரிமைக்கான கடிகாரமும் இதனுடன் இணைந்தது. குடியுரிமை உள்ள துணையுடன் சேர்ந்து வாழ்பவர், நிரந்தர வசிப்புரிமை பெற்ற மூன்று ஆண்டுகளில் குடியுரிமைக்குத் தகுதி பெறலாம். சிஆர்-1இல் அந்தக் கணக்கு நுழைந்த நாளிலேயே தொடங்குகிறது. கே-1இல் ஐ-485 ஏற்கப்படும் நாளில்தான் தொடங்குகிறது.

பணம்

2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டண அட்டவணையின்படி, ஐ-129எஃப் மனுவுக்கு 675 டாலர், விசா விண்ணப்பத்திற்கு 265 டாலர், பிறகு ஐ-485க்கு 1,440 டாலர் என்று கே-1 வழியின் அடிப்படைச் செலவு 2,380 டாலர் ஆகிறது. வேலை அனுமதிக்கு 260 டாலரும் பயண அனுமதிக்கு 630 டாலரும் சேர்த்தால் 3,270 டாலர். சிஆர்-1 வழியில் ஐ-130 இணையவழியில் 625 டாலர் (தாளில் என்றால் 675), விசா விண்ணப்பம் 325, ஆதரவு உறுதிமொழிப் பரிசீலனை 120, குடியேறுபவர் கட்டணம் 235 என மொத்தம் 1,305 டாலர். மருத்துவப் பரிசோதனையும் ஆவணச் செலவும் இரண்டிலும் தனி. கட்டணங்கள் திருத்தப்படக்கூடியவை என்பதால் தாக்கல் செய்யும் நாளில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மனுச் செய்பவர் காட்ட வேண்டிய வருமான நிபந்தனையில் கே-1 முதலில் சற்று இளகியதாகத் தோன்றும். தூதரகக் கட்டத்தில் ஐ-134 படிவத்தில் மத்திய அரசின் வறுமைக்கோட்டளவில் 100 விழுக்காடு வருமானம் காட்டினால் போதுமெனக் கொள்ளப்படுகிறது. வருபவரைப் பொருளாதார ரீதியில் தாங்குவதாக மனுச் செய்தவர் சிஆர்-1க்குத் தரும் ஐ-864 உறுதிமொழி 125 விழுக்காடு கேட்கிறது. ஆனால் கே-1இல் வந்தவரும் கிரீன் கார்டு கேட்கும்போது அதே ஐ-864-ஐத் தந்தாக வேண்டும் என்பதால், இளக்கம் தள்ளிப்போடப்படுகிறதே தவிர நீங்குவதில்லை. ஐ-864 என்பது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பதையும் மணவிலக்கு அதை முடிவுக்குக் கொண்டுவராது என்பதையும் கையெழுத்திடுபவர் அறிந்திருக்க வேண்டும். வந்தவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது சுமார் பத்தாண்டு வேலைக்குச் சமமான 40 காலாண்டு உழைப்புக் கணக்கு சேரும்வரை, அல்லது வசிப்புரிமையைக் கைவிட்டு நாட்டைவிட்டு நிலையாக வெளியேறும்வரை, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும்வரை அந்தப் பொறுப்பு தொடர்கிறது.

திருமணம் நடந்ததா, இல்லையா?

விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடங்களில் மிகவும் வருந்தத்தக்கது இதுதான். கே-1 கேட்பவர் நேர்காணல் நாளிலும் திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும். சமயச் சடங்குகளுடன் விழா நடத்திவிட்டு, பதிவு மட்டும் செய்யவில்லை, ஆகவே சட்டப்படி திருமணமாகவில்லை என்று எண்ணி கே-1 விண்ணப்பித்தால், விழா நடந்த நாட்டின் சட்டம் சடங்கையே செல்லுபடியாகும் திருமணமாக ஏற்பதாக இருக்கும்போது, அவர் ஏற்கெனவே மணமானவர் என்று தூதரகம் மறுத்துவிடலாம். மறுபுறம், பதிவுச் சான்றிதழ் இல்லாததால் சிஆர்-1க்கும் அவரிடம் போதிய ஆவணம் இருக்காது. இரண்டு வழிகளுக்கும் நடுவில் இப்படி நிற்பதைத் தவிர்க்க, கே-1 தேர்ந்தவர்கள் விழாவை அமெரிக்கா செல்லும்வரை தள்ளிப்போடுவதும், விழாவைத் தள்ளிப்போட முடியாத குடும்பங்கள் பதிவையும் உடனே முடித்துச் சிஆர்-1இல் செல்வதுமே தெளிவான வழிகள். பெரியவர்களுக்காக ஒரு சிறிய விழா மட்டும் என்ற சமரசம்தான் ஆபத்தானது. நேர்காணலுக்குக் கொண்டுசெல்லும் புகைப்படங்களே அதிகாரியின் கேள்வியைத் தொடங்கிவைக்கும்.

நேரில் சந்திப்பதிலும் இரண்டும் வேறுபடுகின்றன. கே-1 மனு தாக்கலாவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் ஒரு முறையேனும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பது சட்டம்; கடும் இன்னல் அல்லது நீண்டகால மரபின் தடை என்ற காரணங்களுக்கு விலக்குக் கேட்கலாம் என்றாலும், அதை நம்பித் திட்டமிடுவது சரியல்ல. சிஆர்-1க்கு இத்தகைய காலவரையறை இல்லை. ஆனால் இருவரும் வெவ்வேறு இடங்களில் இருந்தபடி காணொளி வழியாகச் செய்துகொண்ட திருமணம், அதன்பின் அவர்கள் நேரில் சேர்ந்து இல்லறம் தொடங்கியிருந்தால் மட்டுமே குடிவரவுச் சட்டத்தில் ஏற்கப்படும்.

மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒப்பிட வேண்டும். ஏற்கப்பட்ட கே-1 மனுவின் ஆயுள் நான்கு மாதங்கள்தான். தூதரகம் அதை நீட்டிக்கலாம். தூதரகம் ஐயத்துடன் மனுவைத் திருப்பி அனுப்பினால், பெரும்பாலும் அது அப்படியே காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐ-130 காலாவதியாவதில்லை. அதைத் திரும்பப் பெற எண்ணினால் யுஎஸ்சிஐஎஸ் காரணம் தெரிவித்து, விளக்கமளிக்க வாய்ப்புத் தர வேண்டும். வந்த பிறகு மனம் மாறினாலும் கே-1இல் வேறு கதவு இல்லை: மனுச் செய்தவரைத் தவிர வேறொருவரை மணந்து, நாட்டிற்குள்ளிருந்தே கிரீன் கார்டுக்கு மாற முடியாது.

கே-1 வெல்லும் இடங்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு, கே-1 தேவையற்றது என்று பொருளல்ல. தற்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்காத நாட்டில் வாழ்பவர், மூன்றாம் நாட்டிற்குச் சென்று மணம் புரிய வசதியில்லாதபோது, அவருக்கு கே-1 ஒன்றே நேரான வழி. முந்தைய திருமணத்தில் பிறந்த, 18 வயதைக் கடந்து 21ஐ எட்டாத, மணமாகாத பிள்ளை உள்ளவர்களுக்கும் இதுவே பொருந்தும். சிஆர்-1 வழியில் மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை பிள்ளைக்காக மனுச் செய்ய, பிள்ளைக்கு 18 வயது நிறைவதற்குள் திருமணம் நடந்திருக்க வேண்டும். கே-1 பெற்றவரின் பிள்ளைக்கோ கே-2 விசா 21 வயதுவரை உண்டு. பத்தொன்பது வயது மகனையோ மகளையோ விட்டுவிட்டு வர முடியாத ஒருவருக்கு, மேலே சொன்ன பணக் கணக்கும் வேலை அனுமதிக் கணக்கும் இரண்டாம்பட்சமே.

மணமானவர்களுக்கான கே-3 என்ற விசாவும் சட்டத்தில் இருக்கிறது. 2000இல் உருவான அந்த வழி, ஐ-130 ஏற்கப்பட்டுவிட்டால் பயனற்றுப்போவதால், இன்று அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டியதில்லை. சுற்றுலா விசாவில் வந்து மணந்துகொண்டு தங்கிவிடும் யோசனை இதைவிடக் கவர்ச்சியானது, ஆபத்தும் அதிகம். நுழையும்போதே தங்கிவிடும் எண்ணம் இருந்து அதை மறைத்தார் என்று அதிகாரிகள் முடிவு செய்தால், அது பொய்த்தகவல் என்ற வகையில் வந்து, ஆயுள் முழுவதும் தொடரும் தடையாகலாம்.

துணை கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்றால், உள்ள வழி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களின் துணைக்கும் பிள்ளைகளுக்குமான எஃப்2ஏ பிரிவில் ஐ-130 மட்டுமே. ஆண்டு வரம்புக்கு உட்பட்ட பிரிவு என்பதால், அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில், மனுத் தாக்கலான நாளைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதியின் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வேலை விசாக்களில், ஹெச்-1பியில் இருப்பவரின் துணைக்கு ஹெச்-4, நிறுவனத்திற்குள் இடமாற்றத்திற்கான எல்-1இல் இருப்பவரின் துணைக்கு எல்-2 உண்டு. எல்-2இல் வரும் துணை அந்த நிலையைக் கொண்டே வேலை செய்யலாம், ஹெச்-4இல் வேலை அனுமதி கேட்க, ஹெச்-1பியில் இருப்பவரின் கிரீன் கார்டு நடைமுறை பெரும்பாலும் வேலை அடிப்படையிலான குடியேற்ற மனுவான ஐ-140 ஏற்பு வரையேனும் முன்னேறியிருக்க வேண்டும். எஃப்2ஏ வரிசையில் நிற்கும்போது மனுச் செய்தவர் குடியுரிமை பெற்றுவிட்டால், துணை வரம்பில்லாத பிரிவுக்கு மாறிவிடுகிறார். ஆனால் அந்தப் பிரிவில், துணையின் மனுவிலேயே பிள்ளைகளும் சேர்ந்து வரும் வசதி இல்லை. எஃப்2ஏ மனுவில் தாயுடனோ தந்தையுடனோ இணைந்திருந்த குழந்தை, தனி ஐ-130 இல்லையெனில், குடியுரிமை கிடைத்த அந்த நாளிலேயே வரிசைக்கு வெளியே போய்விடும். ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் தொடக்கத்திலேயே தனி மனு தாக்கல் செய்துவிடுவது நல்லது.