ஹாலோவீன் திகில்: சில ஊர்களும் ஒரு வானொலி நாடகமும்

செப்டம்பர் பாதி தாண்டியதும் எங்கள் தெருவில், அக்டோபர் 31 பேய் வேஷத் திருநாளான ஹாலோவீனுக்காக, ஒவ்வொரு வாசலாகப் பூசணிக்காய் வந்து உட்காரும். அந்த வாரமே தம்பியிடமிருந்து போன் வந்துவிடும். "அக்கா, இந்த வருஷம் எங்கே?" அவன் ஃப்ளோரிடாவில் இருக்கிறான், நாங்கள் நியூ ஜெர்சியில், பிரின்ஸ்டனுக்குப் பக்கத்தில். அக்டோபர் வந்தால் ஏதாவது ஒரு திகிலைத் தேடி ஒன்றாகக் கிளம்புவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் எது நல்ல திகில் என்பதில் அவனும் நானும் ஒரு வருடம்கூட ஒத்துப்போனதில்லை. இங்கே புதிதாக வந்து சேரும் குடும்பங்கள், "எதற்குப் போகலாம், பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இந்த அலசல்.

முதலில் தம்பியின் கட்சி. ஆர்லாண்டோ யுனிவர்சல் பூங்காவில் நடக்கும் ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ். 1991இல் வேறு பெயரில், மூன்றே இரவுகளுக்குத் தொடங்கியது. அடுத்த வருடம் இப்போதைய பெயர் வந்தது. இன்று ஆகஸ்ட் கடைசியிலேயே ஆரம்பித்து நவம்பர் முதல் நாட்கள் வரை, தேர்ந்தெடுத்த இரவுகளில் நடக்கிறது. பத்துப் பேய் வீடுகள். ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கட்டி, சீசன் முடிந்ததும் பிரித்துவிடுகிறார்கள். சினிமா ஸ்டூடியோக்காரர்கள் வேலை என்பது உள்ளே போனதும் தெரியும். ஈரச் சுவர் நிஜமாகவே ஈரமாகத் தோன்றும், இறைச்சிக்கடைக் காட்சி என்றால் வாடைகூட அடிக்கும். அந்தக் கைத்திறனை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் கூட்டமான இரவில் ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே நடப்பது நான்கைந்து நிமிடம். வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ், பல இரவுகளில் நுழைவுச் சீட்டைவிட விலை அதிகம். பகலில் பூங்காவுக்கு எடுத்த சீட்டு இரவுக்குச் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்று பூங்காவே சொல்கிறது. பார்வையாளர்கள் வேஷம் போட்டு வரக்கூடாது, முகமூடியும் கூடாது. வேஷம் கட்டியவர் யார், சீட்டு வாங்கியவர் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா.

என் குறை வேறு. நான்காவது வீட்டுக்குள் போகும்போது உடம்பு பாடத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. கறுப்புத் திரை தெரிந்தால் அதன் பின்னால் ஒருவர் நிற்கிறார். விளக்கு ஒரு பக்கம் மின்னினால் மறுபக்கத்திலிருந்து பாய்வார். அப்புறம் கத்துவதுகூடப் பழக்கத்தில் கத்துவதுதான். தம்பி இதை ஒப்புக்கொள்ளவே மாட்டான். "கத்திட்டு அடுத்த நொடியே சிரிக்கிறோம் பாருக்கா, அதுக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்" என்பான். இருபதுகளில் இருக்கும் நண்பர் கூட்டத்துக்கு அவன் சொல்வது சரி. அவர்களுக்கு இதைவிட நல்ல இரவு கிடையாது. ஆசியாவில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். இதே நிகழ்ச்சி 2011 முதல் சிங்கப்பூர் யுனிவர்சலிலும் நடக்கிறது. சென்னையிலிருந்து விமானத்தில் நான்கு மணி நேரப் பயணம்தான்.

இதற்கு நேர் எதிரில் நான் வைப்பது பிலடெல்பியாவில் இருக்கும் ஈஸ்டர்ன் ஸ்டேட் என்ற பழைய சிறை. இங்கே யாரும் செட் போடவில்லை. 1829இல் திறந்து 1971இல் மூடிய நிஜமான சிறை அது. கைதி இன்னொரு முகத்தைப் பார்க்காமல் தனியே கிடந்தால் தன் தவற்றை உணர்ந்து திருந்துவான் என்று நம்பிக் கட்டினார்கள். அறைக்கு ஒருவர். வெளியே நடத்திக் கூட்டிப்போகும்போது தலையை மூடி ஒரு முக்காடு. வளைந்த கூரையில் ஒரு சின்னத் திறப்பு, வானத்து வெளிச்சம் அதன் வழியாக மட்டும். 1842இல் வந்து பார்த்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், மூளையை நாள்தோறும் இப்படி மெல்ல மெல்லச் சீண்டுவது எந்த உடல் வதையையும்விடக் கொடியது என்று எழுதினார்.

நாங்கள் போனது ஒரு பகல் நேரத்தில், மூன்று மணி இருக்கும். ஓர் அறையின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். சுண்ணாம்பு பெயர்ந்து தரையில் மாவுபோலக் கிடந்தது. துருப்பிடித்த இரும்புக் கட்டில். கூரைத் திறப்பிலிருந்து விழுந்த வெளிச்சம் கட்டிலின் பாதியில் நின்றிருந்தது. என் பெரிய மகளுக்கு அப்போது பத்து வயது. "அம்மா, இதுல இருந்தவங்க யார்கூடப் பேசுவாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரும் எங்கள் மேல் பாயவில்லை. ஆனால் முதுகு சில்லிட்டது.

அதே சிறையில் 1991இல், கட்டடத்தைக் காப்பாற்றப் பணம் திரட்டுவதற்காக ஹாலோவீன் இரவுகளைத் தொடங்கினார்கள். பெயரும் வடிவமும் மாறி இன்றும் நடக்கிறது. வேஷக்காரர்கள் நம்மைத் தொடலாமா கூடாதா என்பதை நாமே தீர்மானிக்கலாம். சம்மதம் என்றால் ஒளிரும் மாலை ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பாய்ந்து பயமுறுத்தும் வித்தை ஆர்லாண்டோவில் உள்ளதுதான், செலவிலும் நுணுக்கத்திலும் ஆர்லாண்டோவே மேல். ஆனால் சுவர் நிஜம், இருட்டும் நிஜம், கொடுக்கும் காசு அந்தச் சுவர் இடியாமல் இருக்கப் போகிறது. இரண்டில் ஒரு சீட்டுதான் எடுக்க முடியும் என்றால் பகல் சீட்டை எடுங்கள். இரவுக்குச் சின்னப் பிள்ளைகள் வேண்டாம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அக்டோபரில் அதிகம் பேர் போவது அங்கேதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அந்த ஊர்தான். 1982 முதல் அங்கே அக்டோபர் திருவிழா நடக்கிறது. நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் ஊருக்கு, சமீப வருடங்களில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். முதல் தடவை காரில் போய், நிறுத்த இடமே கிடைக்காமல் அலைந்து திரும்பினோம். பாஸ்டன் வட நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம். ரயிலில் போவதுதான் புத்தி.

ஊர் முழுக்கக் கூரான சூனியக்காரித் தொப்பிதான். ஆனால் 1692இல் அங்கே நடந்த சூனிய வழக்குகளில் சூனியக்காரி ஒருத்திகூட இல்லை. அக்கம்பக்கத்தார் சொன்ன பொய்யும் பயமும் மட்டும்தான். "அவளுடைய உருவம் வந்து என்னைக் கிள்ளியது" என்று ஒருவர் சொன்னாலே நீதிமன்றம் அதைச் சாட்சியாக ஏற்றது. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். பலரும் நினைப்பதுபோல அங்கே யாரையும் எரிக்கவில்லை. ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் வழக்குக்குப் பதில் சொல்ல மறுத்தார் என்று அவர் மேல் கல்லைக் கல்லாக ஏற்றியே கொன்றார்கள். குறைந்தது ஐந்து பேர் சிறையில் செத்தார்கள். எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் மேல் இருந்த குற்றத் தீர்ப்பு 2022இல்தான் அதிகாரபூர்வமாக நீங்கியது. அதற்கு முயற்சி எடுத்தவர்கள் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும்.

பழைய இடுகாட்டை ஒட்டி 1992இல் திறந்த நினைவிடம் ஒன்று இருக்கிறது. தாழ்ந்த கற்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு 20 கற்பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் இறந்த தேதியும் எப்படிக் கொன்றார்கள் என்பதும். நான் சொல்ல வந்தது நுழைவாயிலின் தரையைப் பற்றி. குற்றம் சாட்டப்பட்டவர்கள், தாங்கள் நிரபராதிகள் என்று நீதிமன்றத்தில் கதறிய சொற்களைத் தரைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து வாசித்துக்கொண்டே போனால் வாக்கியம் முடிவதற்குள் கற்சுவர் வந்துவிடும். மீதிச் சொல் சுவருக்கு அடியில். பெரியவள் சுவரின் மறுபக்கம் ஓடிப்போய்த் தேடினாள். "இங்கே இல்லம்மா" என்றாள். அந்தப் பலகைகளின் மேல் தொப்பியோடு உட்கார்ந்து சிலர் தின்பண்டம் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அங்கே போனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

குற்றச்சாட்டுகள் கிளம்பியது சேலம் கிராமத்தில். இன்று அதன் பெயர் டான்வர்ஸ். 71 வயதில் தூக்கிலிடப்பட்ட ரெபெக்கா நர்ஸின் பண்ணை வீடு அங்கே இருக்கிறது. சேலத்தின் நெரிசல் அங்கே இல்லை. சேலத்தில் ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டாவது அதைப் பார்த்துவிடுங்கள். திகில் வேண்டும் என்று வருகிறவர்களுக்குச் சேலம் ஏமாற்றம் தரலாம், மெழுகு பொம்மைக் காட்சிகளில் பாதி சுமார் ரகம். வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு அதுபோல் வேறு ஊர் இல்லை, ஆனால் செப்டம்பரில் போங்கள்.

பிள்ளைகளோடு போக ஹட்சன் ஆற்றங்கரைதான் என் முதல் தேர்வு. தலையில்லாக் குதிரைக்காரன் கதையை அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1820இல் வெளியிட்டார். சிறுவனாக இருந்தபோது, நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் பரவியதால் 1798இல் அவரை அந்தப் பக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்ததும் கேட்டதும் பிறகு கதையாயின. பக்கத்து ஊரான வட டாரிடவுன், 1996இல் கதையில் வரும் ஸ்லீப்பி ஹாலோ என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டது. கதையின் பழைய டச்சு தேவாலயம் இன்றும் நிற்கிறது, இர்விங்கின் கல்லறை அதை ஒட்டிய இடுகாட்டில். மாலையில் லாந்தர் விளக்கோடு இடுகாட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலிலிருந்து ரயிலிலேயே போகலாம்.

சற்று வடக்கே குரோட்டனில், கையால் செதுக்கிய ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பூசணிகளுக்குள் விளக்கு வைத்து ஒரு தோட்டம் முழுக்க அடுக்குகிறார்கள். நிஜப் பூசணியும் செயற்கைப் பூசணியும் கலந்திருக்கும். நேரம் குறித்த சீட்டு, வார இறுதிச் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். சின்னவன் ஐந்து வயதில் அங்கே ஒரு பூசணிக்குள் எட்டிப் பார்த்து, "உள்ளே சூடா இருக்கும்மா" என்றான். பயந்த பிள்ளையையும் பயப்படாத பிள்ளையையும் ஒரே இரவில் சந்தோஷப்படுத்தும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். தம்பிக்கு இது சப்பென்று இருக்கும்.

காசே செலவழிக்காமல் போக வேண்டும் என்றால் அக்டோபர் 31 இரவு மன்ஹாட்டனில், ஆறாவது அவென்யூவில் நடக்கும் வில்லேஜ் ஊர்வலம். 1970களில் ரால்ஃப் லீ என்ற பொம்மலாட்டக் கலைஞர் தொடங்கியது. வேஷம் போட்டிருந்தால் யாரும் சேர்ந்து நடக்கலாம். வேடிக்கை பார்க்க நின்றால் எதுவும் தெரியாது. வேஷம் கட்டி உள்ளே இறங்குவதுதான் வழி.

சரி, வீட்டிலேயே இருந்தால்? தெருவில் மிட்டாய் வாங்கச் சுற்றிவிட்டு வந்து, வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பது பலருடைய வழக்கம். நாங்கள் படம் பார்ப்பதில்லை, கேட்கிறோம். 1938 அக்டோபர் 30, ஹாலோவீனுக்கு முந்தின இரவு எட்டு மணிக்கு நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸின் குழுவினர் சிபிஎஸ் வானொலியில் நடத்திய செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாடகம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும், ஒலிப்பதிவு இணையத்தில் கேட்கக் கிடைக்கிறது. நிஜச் செய்தி என்று நம்பி நாடே கிலியில் ஓடியது என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதியது பெரும்பாலும் மிகை என்கிறார்கள் ஆய்வாளர்கள். எங்களுக்கு அதுவல்ல விஷயம். கதையில் செவ்வாய்க்காரர்கள் இறங்கும் குரோவர்ஸ் மில், எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். அங்கே பூங்காவில் ஒரு நினைவுச் சின்னமும் இருக்கிறது.

சின்ன முன்னுரைக்குப் பிறகு வானிலை அறிக்கை. நடன இசை வரும், நடுவில் செய்தி அறிவிப்பு, மறுபடி இசை. முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் நெளிவார்கள். பிறகு வயல்வெளியில் நின்று நிருபர் பேசுகிறார். நெருப்பு பரவுகிறது, இந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்துபோகும். அப்புறம் சில விநாடிகள் ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை.

போன வருடம் தம்பியும் வந்திருந்தான். அந்த மௌனத்தில் அவன் கை சோபாவின் ஓரத்தைப் பிடித்திருந்தது. இருட்டில் பெரியவள், "அந்த நிருபர் மாமா என்ன சொல்ல வந்தார்?" என்று கிசுகிசுத்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. சின்னவன் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடினான்.

இந்த வருடம் குரோட்டன் பூசணித் தோட்டத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமைக்குச் சீட்டு எடுத்தாயிற்று. தம்பி செப்டம்பரிலேயே தன் நண்பர்களோடு ஆர்லாண்டோ போய்வந்துவிடுவான். அக்டோபர் 30ஆம் தேதி எட்டு மணிக்கு இங்கே இருப்பதாகச் சொல்லியிருக்கிறான்.