டிக்கெட் ஒன்றுதான், வழிதான் இல்லை

மீஞ்சூர் அத்தை வீட்டிலிருந்து நங்கநல்லூர் போக வேண்டும். பாதி வழி லோக்கல் ரயிலில் வந்து மெட்ரோவுக்கு மாறினால் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். சென்னையின் போக்குவரத்தை ஒருங்கிணைக்கிற ஆணையமான கும்டா கொண்டுவந்த சென்னை ஒன் செயலியில் பஸ், லோக்கல், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். சில்லறையைக் கையில் பொத்திக்கொண்டு மூர் மார்க்கெட் கவுன்ட்டரில் நின்ற எங்களுக்கு இது அதிசயம்தான்.

அதிசயம் பிளாட்பாரத்தோடு முடிந்தது. எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். மெட்ரோ கண்ணுக்குத் தெரிகிறது, போகிற வழி தெரியவில்லை. அம்புக்குறி போட்ட பலகை ஒன்றுகூட இல்லை. மதிலோரம் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்மணி, நான் வாயைத் திறக்கும் முன்பே, தலை நிமிராமல், "மெட்ரோதானே? டிரான்ஸ்ஃபார்மர் தாண்டி லெஃப்ட்ல போ. கல்லு ஆடும், பாத்து" என்றார். தினமும் எத்தனை பேருக்குச் சொல்கிறாரோ!

கல் நிஜமாகவே ஆடியது. கால்வாய்மேல் போட்ட சிலாப். ஒரு மூலை உடைந்து கம்பி துருத்திக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு முட்டிவலி. ஒரு கை மதிலில், ஒரு கை என் தோளில். பெட்டியை முதலில் அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்து அம்மாவைக் கூட்டிப்போவதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர், "மெட்ரோவுக்கா? ஏறுங்கம்மா, ஆளுக்கு இருபது" என்றார். எதிரே தெரிகிற ஸ்டேஷனுக்கு! அம்மா ஏறவே போய்விட்டார். இழுத்துக்கொண்டு நடந்தால், இந்தப் பக்கத்து லிஃப்டில் கயிறு கட்டியிருக்கிறது. ஓடுகிற லிஃப்ட் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் கன்டெய்னர் லாரிகள்.

நான் இருப்பது சிங்கப்பூர், தோ பாயோ. பஸ் நிலையமும் எம்ஆர்டியும் (அந்த ஊர் மெட்ரோ) ஒரே கூரையின்கீழ் சேர்ந்து 2002-லேயே ஏசி போட்டுவிட்ட இடம். அதோடு இதை ஒப்பிடாதே என்பான் என் மச்சான். சரி, ஏசி வேண்டாம். அங்கே எம்ஆர்டியைச் சுற்றி 400 மீட்டருக்குக் கூரை போட்ட நடைபாதை போட்டார்கள், பயணம் வீட்டு வாசலில் ஆரம்பிக்கிறது என்ற கணக்கில். இங்கே ஆளாளுக்குத் தன் கேட்டோடு வேலை முடிந்தது. இரண்டு கேட்டுக்கும் நடுவில் இருக்கிற தெரு யாருடையதும் இல்லை. செயலியில் மூன்றையும் சேர்க்க முடிந்தவர்களுக்கு ஒரு சிலாப்பும் நாலு பலகையுமா பெரிய விஷயம்?

கோபம் இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2015-ல் கோயம்பேடு–ஆலந்தூர் ஓடத் தொடங்கிய மெட்ரோ வடசென்னையின் விம்கோ நகரை எட்ட 2021 ஆனது. பாரிஸ் கார்னரில் 6டி பஸ்ஸுக்கு நின்று, டோல்கேட் வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்தவன் நான். வந்ததே என்று சந்தோஷம்தான். ஏறி உட்கார்ந்த பிறகு நங்கநல்லூர் வரை ஒரு குறையும் இல்லை.

அந்த லிஃப்டைத் திறந்துவிட்டார்களா என்று அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை லோக்கலிலேயே சென்ட்ரல் வரை போய், சுரங்கப்பாதையில் மாறிக்கொள்வோம். பேசின் பிரிட்ஜில் ரயில் சிக்னலுக்கு நிற்கும். நிற்கட்டும், அம்மா உட்கார்ந்துதானே இருப்பார்.