ஆடுகிற கதிரையும் அறைகிற லாச்சியும்: கோண்டாவிலில் ஒரு தளபாடக் கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிரையை வாங்கலாம், வெள்ளை அலுமாரியை வாங்க வேண்டாம், பாரப் போர்வையைத் திரும்பியும் பார்க்க வேண்டாம். அவசரக்காரர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், ஏன் என்று கேட்பவர்களுக்குத்தான் மிச்சம்.

யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியிலிருந்து கோண்டாவில் பக்கமாக ஒரு ஒழுங்கையில் இறங்கினால் வருகிற பட்டறை அது. முன்னுக்குக் கடை, பின்னுக்குத் தச்சுவேலை. பெயரை எழுதவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன், செய்கிறவர் நல்ல மனுசர், சின்னத் தொழில். ஜேர்மனியில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் கனகாலம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வாசலில் “மனதுக்கு இதமான தளபாடங்கள்” என்று பலகை தொங்குகிறது. இப்போது சவர்க்காரத்திலிருந்து காணி விளம்பரம் வரைக்கும் மன அமைதி விற்பனைக்கு இருப்பதால் எனக்கு அந்தப் பலகையைப் பார்த்ததும் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. “கண், காது, மூக்கு, தோல் எல்லாத்தையும் பாத்துத்தான் செய்யிறம் அக்கா, முதல்ல இருந்து பாருங்கோ” என்றார். சரி, இருந்து பார்ப்போம் என்று இருந்தோம்.

நாங்கள் போனது அம்மாவுக்கு ஒரு கதிரை பார்க்க. எழுபதைத் தாண்டிவிட்டார், இரவில் நித்திரை குறைவு, பகலில் விறாந்தையில்தான் முழு நேரமும். அவருடைய பிரச்சினை முதுகோ முழங்காலோ இல்லை, சத்தம். யாராவது இரும்புப் படலையைப் படாரென்று சாத்தினால் கையில் இருக்கும் தேத்தண்ணி சிந்தும். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராக வேலை செய்த தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் மனதில் விட்டுப்போனவற்றைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிவாரிப் போடுவது, அப்படிப்பட்ட அதிர்ச்சிகளைக் கண்டவர்களிடம் வைத்தியர்கள் தேடிப் பார்க்கிற அறிகுறிகளில் ஒன்று. ஷெல் நின்று எத்தனையோ வருசமானாலும் காதுக்கு அது தெரியாது.

ஆகையால் என்னைக் கேட்டால், எங்கள் ஊரில் மனதுக்கு இதமான தளபாடம் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் முதலில் காதைத்தான் கவனிக்க வேண்டும், நிறமும் மணமும் அப்புறம். ஒரு நாள் வீட்டில் சும்மா இருந்து கேட்டுப் பாருங்கள். சிமெந்து நிலத்தில் பிளாஸ்ரிக் கதிரை இழுபடுகிற கீச்சு, தகர அலுமாரிக் கதவு மூடும்போது முழுப் பெட்டியும் சேர்ந்து அதிர்கிற ஓசை, மாரி ஈரத்தில் மரம் ஊதி இறுகிப்போன லாச்சியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, திரும்பத் தள்ளும்போது வருகிற அறை. இந்தச் சத்தமெல்லாம் தளபாடத்திலிருந்து வருவதுதான், ஆனால் கடையில் ஒருவரும் சத்தத்தைக் கேட்டு வாங்குவதில்லை.

கதிரை விசயத்தில் இந்தப் பட்டறை அதைக் கவனித்திருக்கிறது. பழைய சாய்மனைக் கதிரையின் உடம்புதான், கீழே மட்டும் ஆடுவதற்கு இரண்டு வளைகால். கவிழ்த்துக் காட்டச் சொன்னேன், மனுசர் முகம் சுளிக்காமல் காட்டினார். வளைகாலின் அடியில் நீளத்துக்கு ஒரு பள்ளம் எடுத்து அதற்குள் தோல்பட்டி பதித்திருக்கிறார்கள், மரத்துக்கு மேலே ஒரு நூல் அளவுதான் தோல் தெரிகிறது, ஆணித் தலைகள் அதைவிட உள்ளே. எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமெந்து நிலத்தில் ஆடும்போது சத்தம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பொருத்துகளில் ஸ்குரூ கிடையாது, துளையும் அதற்குள் இறங்கும் கழுந்துமாக அடித்து மர முளை இறக்கியிருக்கிறார்கள். ஆடுகிற சாமானில் ஸ்குரூ போட்டால் அது நாளடைவில் தளர்ந்து கிறீச்சிடத் தொடங்கும். கைப்பிடியின் முன்முனையில், அடிப்பக்கமாக, விரல் நுனி போய் இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு குழிவு குடைந்து சான்ட் பேப்பரால் தேய்த்து மெழுகுபோல ஆக்கியிருக்கிறார்கள். வெளியில் தெரியாது. அம்மா இருந்த கொஞ்ச நேரத்திலேயே அவருடைய விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது, இப்போது ரீவி பார்க்கும்போதும் அதைத் தடவிக்கொண்டேதான் இருக்கிறார்.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைகளில் வருகிற ஆடுகதிரைகள் பலதும் வெடுக் வெடுக்கென்று ஆடும். இது அப்படி இல்லை, ஆட்டம் நிதானம். 2019இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஆடுகிற கட்டிலில் ஆட்களைப் படுக்கவிட்டு ஒரு ஆராய்ச்சி செய்தார்கள், 18 இளம் ஆட்கள், கட்டில் நாலு செக்கனுக்கு ஒருமுறை மெதுவாக ஆடி வரும். ஆடாத கட்டிலில் படுத்த இரவைவிட ஆடின இரவில் சுருக்காக நித்திரைக்குப் போனார்கள், ஆழ்ந்த நித்திரையும் கூடியிருந்தது. ஏணையில் பிள்ளை வளர்த்த எந்த அம்மம்மாவும் இதற்குச் சிரிப்பார், அது வேறு. இந்தக் கதிரையின் ஆட்டமும் ஏறத்தாழ அந்த நிதானத்தில்தான் இருக்கிறது. அம்மா இரவில் நல்லாகத் தூங்குகிறாரா என்று கேட்டால், இல்லை, அப்படிச் சொல்ல மாட்டேன். மத்தியானம் கதிரையிலேயே கண் அயர்கிறார். முன்பு அதுவும் இல்லை.

பட்டறைச் சுவரில் ஒரு பழைய கதிரையின் படம் ஒட்டியிருந்தது. கேட்டபோது பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ செய்தது என்றார். 1933இல் கட்டி முடித்த பைமியோ காசநோய் ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகள் நாள் முழுக்க இருக்க வேண்டும் என்பதால் அதற்கென்றே வடிவமைத்த கதிரை. அந்தக் காலத்துப் புதுமை என்றால் வளைத்த இரும்புக் குழாய்க் கதிரைதான். ஆல்ட்டோ அதை விட்டுவிட்டுப் பேர்ச் மரத்தை வளைத்தார். இரும்பு தொட்டால் குளிரும், மரம் குளிராது, சாய்மானம் மூச்சு விட இலகுவாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. அதே ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லாமல் தண்ணீர் சத்தமின்றி விழும்படி கைகழுவும் தொட்டியைக்கூடச் சாய்த்து அமைத்தார். “அங்க குளிர், இஞ்ச வெக்கை, ஆனா தோல் ஒண்டுதானே அக்கா” என்றார் கடைக்காரர். சரியான பேச்சு. இரும்பு உடம்புச் சூட்டை விறுவிறென்று இழுப்பதால்தான் அங்கே குளிர்கிறது, அதே குணத்தால்தான் சித்திரை வெயிலில் விறாந்தைக் கம்பிக் கதிரை இங்கே சுடுகிறது.

தோல் என்றதும் இருக்கைக்கு வருகிறேன். பிரம்புப் பின்னல். எங்கள் வீட்டில் ரெக்சின் சோபா ஒன்று உண்டு, வெயில் நாளில் எழும்பும்போது தொடை பிய்த்துக்கொண்டு வரும், அதில் ஒருவர் மன அமைதியாக இருந்ததை நான் கண்டதில்லை. பிரம்பில் கீழிருந்து காற்று வருகிறது, வேர்வை தங்காது. பிரம்பு எங்கள் மண்ணில் வருகிற சாமான் இல்லை, தெற்கே ஈர வலயத்துப் பொருள், கொழும்பு-கண்டி வீதியில் வெவெல்தெனியப் பக்கம் போனவர்கள் பாதையோரக் கடைகளைப் பார்த்திருப்பார்கள். அதனால் விலை கூடுகிறது. பனைநார் போட்டால் என்ன என்று கேட்டேன், வேண்டுமென்றால் செய்து தரலாம், ஆனால் பழகும் மட்டும் குத்தும் என்றார். உண்மையைச் சொல்லுகிற வியாபாரி.

மரம் வேம்பு. பூச்சி அண்டாது, ஊரிலேயே கிடைக்கும். மேலே வார்னிஸ் இல்லை, ஆளிவிதை எண்ணெய்தான் பூசியிருக்கிறார்கள், கையை வைத்தால் மரத்தில் வைத்த மாதிரியே இருக்கும், பிளாஸ்ரிக் தோல் மாதிரி இராது. அந்த எண்ணெய் மணம் போக ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும், அதைக் கடையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முன்கூட்டியே முற்றத்துப் பக்கம் வைத்திருப்போம். நீங்களே திரும்ப எண்ணெய் பூசுவதென்றால் ஒரு கவனம்: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போட வேண்டும்.

இனிக் குறை. கதிரைக்கு இவ்வளவு யோசித்த அதே மனுசர், கடையின் மறு பக்கத்தில் “அமைதி அறைத் தொகுதி” என்று ஒன்றை வைத்திருக்கிறார். வெள்ளை அலுமாரி, கட்டில் தலைமாடு, லாச்சிப் பெட்டி, எல்லாம் கொழும்பிலிருந்து வருகிற எம்.டி.எஃப். பலகை. கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன், கண் எரிந்தது. இந்த வகைப் பலகையில் மரநாரை ஒட்டுகிற பசையிலிருந்து பெரும்பாலும் ஃபோர்மல்டிஹைட் என்ற வாயு கசியும், வெக்கையும் ஈரப்பதனும் கூடினால் கசிவும் கூடும், எங்கள் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. கசிவு குறைந்த பலகைகள் இருக்கின்றன, ஈ1, ஈ0 என்று தரம் போட்டு வரும். இது எந்தத் தரம் என்று கேட்டேன், தெரியாது என்றார். கண்ணை எரிக்கிற அலுமாரியைப் படுக்கையறையில் வைத்துவிட்டு என்ன அமைதி? அதை மறைக்கவோ என்னவோ உள்ளே லவண்டர் பை ஒன்று தொங்கியது. போதாக்குறைக்கு லாச்சிகள் அறைகின்றன, மெதுவாக மூடும் தண்டவாளம் போடவில்லை. சத்தம் கேட்காத கதிரை செய்கிற கையால் இதை எப்படி விற்க மனம் வருகிறதோ.

நீல எல்.ஈ.டி. வெளிச்சம், தண்ணீர் சொட்டுகிற மேசைப் பொம்மை, நீலம் மனதை ஆற்றும் பச்சை கவலையைப் போக்கும் என்கிற அட்டை, இதெல்லாம் கடந்து போகலாம். அதிலும் நீல வெளிச்சம் இரவில் நித்திரையைத் தள்ளிப்போடுகிற சாமான்.

சிறு பிள்ளைகளுக்கென்று ஒரு மூலை இருக்கிறது, அதைப் பற்றி நல்லது சொல்ல வேண்டும். உத்தரத்திலிருந்து தொங்கும் தடித்த துணி ஏணை, பெரிய பிள்ளையும் உள்ளே சுருண்டு படுக்கலாம், துணி நாலு பக்கமும் உடம்பை இறுக்கிப் பிடிக்கும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு இந்த இறுக்கம் ஆறுதல் தரும். டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி, தானே ஓட்டிசம் உள்ளவர், பண்ணையில் மாடுகளுக்கு ஊசி போட அடைத்துப் பிடிக்கிற பொறிக்குள் அவை அடங்குவதைப் பார்த்துவிட்டு, 1960களில் இளம் வயதிலேயே தனக்கென்று உடம்பை அணைக்கிற பொறி ஒன்றைச் செய்துகொண்டவர். எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, கடைச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றவன், இந்த ஏணைக்குள் ஏறினதும் கையை எடுத்துவிட்டான். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம், சிலருக்கு இறுக்கமே ஆகாது. கொழுக்கி போடுகிற இடம் கொங்கிறீட்டா பழைய மர வளையா என்று பார்த்துப் போட வேண்டும்.

அதே இறுக்கத்தைத் தருகிறதென்று ஏழு கிலோ போர்வை ஒன்றும் விற்கிறார்கள். ஐரோப்பாவில் நல்லதாயிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஆனி மாதம் கரண்டும் போன இரவில் அதைப் போர்த்துக்கொண்டு படுக்கிறவருக்கு என் வணக்கம்.

விலை: கதிரை அறுபத்தையாயிரம் ரூபாய், வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கித் தருவது அதற்குள். தொழிற்சாலை ஆடுகதிரை இதைவிட மலிவுதான், ஆனால் அதன் அடிப்பக்கத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். சொன்ன தவணைக்கு வரவில்லை, நல்லூர்க் கொடியேறிவிட்டது என்று ஒரு சாட்டு, பிறகு தேர் முடியட்டும் என்று இன்னொரு சாட்டு. திருவிழாக் காலத்தில் ஓடர் கொடுக்கிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

வாங்குவதென்றால் இரண்டு விசயத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, இருக்கை உயரம். காட்சிக்கு வைத்திருப்பது உயரம் குறைந்தது, முழங்கால் நோ உள்ளவர் அதிலிருந்து எழும்ப மாட்டார். இருப்பவரை நேரில் கூட்டிப்போய், பாதம் இரண்டும் நிலத்தில் முழுதாகப் பதிகிறதா என்று பார்த்து அந்த அளவுக்குச் செய்யச் சொல்லுங்கள், அதற்கு அவர் மேலதிகமாக எடுப்பதில்லை. மற்றது, எழும்பும்போது கதிரை முன்னுக்குச் சரியாமல் இருக்க வளைகாலின் முன்பக்கம் செருகுகிற மரக்கட்டை. கேட்டால் சும்மா தருகிறார், கேட்காவிட்டால் தருவதில்லை. பின்னல் தொய்ந்தால் திருத்தக் கொடுத்துவிடாதீர்கள், அடிப்பக்கமாக ஈரத்துணி போட்டு நனைத்து நிழலில் காயவிட்டாலே இறுகிவிடும்.