டேண்டிலயனா, வெட்டுக்காயப் பூண்டா, எருக்கா?

ஊதினால் பறக்கும் வெள்ளை உருண்டைக்காக டேண்டிலயன் விதைப் பாக்கெட் வாங்க நினைக்கும் மதுரை மாடித்தோட்டக்காரர்கள், முதலில் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் ஒரு நடை போய்வரலாம். காசில்லாமல் கிடைக்கும் போட்டியாளர்கள் இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள்: வெட்டுக்காயப் பூண்டு, எருக்கு.

டேண்டிலயனும் வெட்டுக்காயப் பூண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான். படத்தை மட்டும் பார்த்தால் குழப்பம் வரும். பூக்காம்பைக் கிள்ளினால் தீர்ந்துவிடும். டேண்டிலயன் காம்பு குழலாக இருக்கும், பால் வடியும், இலையே இருக்காது, உச்சியில் ஒரே பூ. இலைகள் எல்லாம் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும், அடியில் ஆணிவேர். வெட்டுக்காயப் பூண்டின் காம்பில் பால் கிடையாது, சொரசொரவென்று முடி இருக்கும். தண்டு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். பூவின் நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெளிறிய இதழ்கள் ஐந்தாறு.

உருண்டையின் அழகில் டேண்டிலயனை அடித்துக்கொள்ள முடியாது. விதைக்கும் அதன்மேல் குடைபோல் விரியும் முடிக்கும் நடுவே மெல்லிய காம்பு இருப்பதால் உருண்டை கண்ணாடிபோல் தெரியும். விதை பறக்கும்போது குடைக்கு மேலே காற்று ஒரு சுழல் வளையமாக நிற்கிறது என்று 2018இல் எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெட்டுக்காயப் பூண்டில் அந்தக் காம்பு இல்லை, முடி நேரே விதையின் தலையில் உட்கார்ந்திருக்கும். உருண்டை சின்னது, கொஞ்சம் அழுக்கு நிறம்.

விதை சேகரிப்பதோ இரண்டிலும் சுலபம். டேண்டிலயன் பூ வாடியதும் மூடிக்கொள்ளும். பத்து நாள் கழித்து நுனியில் வெள்ளை முடி எட்டிப் பார்க்கும்போது கிள்ளிக் காகிதக் கவரில் போட்டால் உள்ளேயே விரியும். பழுப்பு விதை முற்றியது, வெள்ளை விதை பிஞ்சு. பல வகைகள் மகரந்தம் சேராமலே விதை கட்டும் என்பதால் ஒரு செடியே போதும். வெட்டுக்காயப் பூண்டு காலை ஈரத்தில் சுருங்கியிருக்கும். வெயில் ஏறி விரிந்ததும், காற்று கிளம்புவதற்குள், முடியைச் சேர்த்துப் பிடித்து இழுங்கள். சிரமமில்லாமல் கழன்றால் முற்றிவிட்டது. ஆடிக் காற்றில் இந்த வேலை வேண்டாம்.

எருக்கு வேறு குடும்பம். காய் வெடிக்கும் தறுவாயில் பறித்துப் பிளந்தால் தட்டையான பழுப்பு விதைகள் மீன் செதிலாக அடுக்கியிருக்கும், பட்டு முடி இன்னும் ஈரமாக ஒட்டியிருக்கும். முடிக் கற்றையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விதைகளை விரலால் வழித்துவிட்டால் ஒன்றுகூடப் பறக்காது. பால் கண்ணில் பட்டால் ஆபத்து, ஆகவே கையுறை கட்டாயம். குழந்தைகள் ஊதிப் பறக்கவிட இதைவிடப் பெரிய பஞ்சு நம் ஊரில் கிடைக்காது. ஆனால் செடியைத் தொட்டியில் அடக்கி வளர்க்க முடியாது.

சரி, எதை எடுப்பது? விதை சேகரித்துப் பழக நினைப்பவர்களுக்கு என் ஓட்டு வெட்டுக்காயப் பூண்டுக்கு. களைதான், தொட்டியைவிட்டு வெளியே விடாதீர்கள். டேண்டிலயன் குளிர்நாட்டுச் செடி. சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் மொட்டைமாடியில் அது படும் பாட்டைப் பார்க்கவே பாவமாக இருக்கும். கொடைக்கானலில் வீடு இருந்தால் கதை வேறு. கசப்பான அதன் இலையைக் கீரையாகச் சாப்பிட ஆசை என்றால் மட்டும் பாக்கெட் வாங்கி, கார்த்திகையில் மண்மேல் தூவுங்கள். முளைக்க வெளிச்சம் உதவும் என்பதால் ஆழமாகப் புதைக்காமல், லேசாக அழுத்திவிட்டால் போதும்.