காது ஓட்டை அடைக்கச் செல்கிறவர்கள் கவனத்திற்கு

நாகர்கோவிலில் ‘காஸ்மெட்டிக் சர்ஜரி’ என்று பலகை வைத்து, தையலும் வலியும் இல்லாமல் ஒரே நாளில் காது ஓட்டை அடைக்கப்படும் என்று விளம்பரம் செய்யும் ஓரிடத்தில் என் அம்மாவுக்கு நேர்ந்ததை, அதே சிகிச்சையைத் தேடும் குமரி மாவட்டத்துப் பெண்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் உள்ளதால் அந்த இடத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

பல ஆண்டுகளாகக் கனமான கம்மலும் ஜிமிக்கியும் அணிந்ததில் அம்மாவின் இடது காதில் ஓட்டை நீண்டு தொங்கியது. வலது காது மடலோ இரண்டாகவே பிரிந்துவிட்டது. இவை வெவ்வேறு நிலைகள். ஓட்டை நீண்டிருந்தால், தோல் மருத்துவர்கள் சிலர் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை அளவோடு தடவி, இடைவெளி விட்டுப் பலமுறை செய்து, புண் ஆறும்போது ஓட்டை சுருங்கும்படி செய்வதுண்டு. முழுவதும் பிரிந்த காதுக்கு அது உதவாது. பிளவின் இரு ஓரங்களையும் தோல் மூடியிருப்பதால், அந்தத் தோலைச் சீவி எடுத்துவிட்டுத் தைத்தால்தான் சதை ஒட்டும். மரப்பு ஊசி போட்டுச் செய்யும் சிறிய அறுவை சிகிச்சைதான்; அன்றே வீடு திரும்பலாம்.

அங்கிருந்தவர் வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார். ஊழியர்கள் ‘டாக்டர்’ என்றே அழைத்தார்கள். இரண்டு காதுக்கும் ஒரே மருந்து போதும் என்றார். சர்க்கரை நோய் உண்டா, முன்பு எங்காவது தழும்பு தடித்ததுண்டா என்று ஒரு கேள்வியும் இல்லை. ஒப்புதல் படிவமும் இல்லை. (சுவரில் ‘முன்–பின்’ படங்கள் நிறைய இருந்தன. அவற்றில் ஒரு காதில்கூட நம் ஊர்க் கம்மலைக் காணோம்.) லேபிள் இல்லாத பழுப்பு நிறப் புட்டியில், பஞ்சு சுற்றிய தீக்குச்சியைத் தோய்த்துத் தடவியதும் காது மடல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது. “எரியுது மக்ளே” என்று அம்மா என் கையைப் பிடித்தார். “மருந்து வேலை செய்யுதும்மா, அப்படித்தான் இருக்கும்” என்றார் அவர்.

பொருக்கு உதிர்ந்தபோது வலது காதின் பிளவு முன்னைவிட அகன்றிருந்தது. இடது காதின் விளிம்பில் தழும்பு தடித்து, ஓயாமல் அரித்தது. மறுபடி சென்று கேட்டதற்கு, அது அம்மாவின் உடல்வாகு என்றும், பணம் கட்டினால் இன்னொரு ‘சிட்டிங்’ போடலாம் என்றும் பதில் வந்தது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில், அது கீலாய்டு (காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு) என்றும், ஊசி போட்டுத் தழும்பை அடக்கிய பிறகே தையலைப் பற்றி யோசிக்க முடியும் என்றும் சொன்னார்கள். மருத்துவர் முதலில் கேட்டது, செய்தவர் கொடுத்த சீட்டைத்தான். அதில் ‘அழகுப் பராமரிப்பு’ என்ற இரண்டு சொல்லும் தொகையும் மட்டுமே இருந்தன.

மருத்துவர் தரும் மருந்துச் சீட்டு, சான்றிதழ், பண ரசீது அனைத்திலும் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. ஆகவே நாற்காலியில் உட்காரும் முன்பே, கத்தியோ மருந்தோ யார் கையில் இருக்கப்போகிறது என்று கேட்டு, அவருடைய பெயரையும் எண்ணையும் எழுதி வாங்கி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி., தோல் மருத்துவத்தில் எம்.டி. போன்ற பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்; ‘காஸ்மெட்டாலஜி டிப்ளமோ’ அறுவை சிகிச்சைக்கான தகுதி அல்ல. முடி மாற்று சிகிச்சை பற்றி 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், யூடியூப் போன்ற தளங்களில் பார்த்துக் கற்பது பயிற்சி ஆகாது என்று சொல்லவே நேர்ந்தது என்றால், நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்கள் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்ட மறுக்கும் இடத்தைப் பற்றி மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தரலாம், நாங்களும் தந்திருக்கிறோம். இழப்பீடு கேட்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும். ரசீது, தேதியுடன் எடுத்த காதின் படங்கள், ஜிபே பதிவு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். எங்கள் ரசீதில் இருந்தது நிறுவனத்தின் பெயர். ஜிபேயில் பணம் போனதோ ஒரு தனிநபரின் கணக்குக்கு.